ஹூட்டின் பின் ஓரம்

கண் பார்த்த ஒரு சொல்லை வாய் சொல்லாமல் விட்டால் அதைக் கவனக்குறைவு என்பதா, பொய் என்பதா? மூன்று வருடங்களாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். பாத்திரம் துலக்கும்போது ஒரு பதில் வருகிறது. மகளுக்குத் தலை பின்னும்போது அதற்கு நேர்மாறான பதில் வருகிறது. இரண்டுமே சரியென்று படுவதுதான் தொல்லை.

என் கணவர் கார்களுக்கு டிங்கரிங் வேலை செய்கிறவர். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவார். துருப்பிடித்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பார். விழுப்புரத்தில் ஒரு பட்டறையில் பத்து வருடம் இன்னொருவருக்குக் கீழே வேலை பார்த்துவிட்டு, எங்கள் மகள் பிறந்த வருடம் திண்டிவனத்தில் சென்னை சாலையோரம் சொந்தமாக ஒரு கொட்டகை போட்டார். கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு சமையல் தடுப்பு. அதுதான் வீடு.

அவர் ஐந்தாவது வரை படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். நான் விழுப்புரத்தில் பிளஸ் டூ முடித்தவள், ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண். கல்யாணமான புதிதில் என் படிப்பு அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு அதுவே பெருமையாகிவிட்டது. சாலையில் போகிற லாரிக்காரர்களிடம்கூட, "எந்தக் காயிதமா இருந்தாலும் கொண்டாங்க, எங்கூட்ல படிச்சிடுவாங்க" என்று சொல்லி வைப்பார். உள்ளே இருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பிளஸ் டூ ஆங்கிலம் எவ்வளவு தூரம் வரும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கொட்டகை போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தபோது அந்தக் கார் வந்தது. பொம்மையார்பாளையத்தில் கடற்கரையை ஒட்டிக் கீற்று வீட்டில் குடியிருந்த ஓர் அமெரிக்கர், ஒரு வேனின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார். இங்கிலாந்தில் செய்த பழைய பந்தயக் கார். இரண்டே பேர்தான் உட்காரலாம். சக்கரங்களுக்கு நடுவே பம்மிக்கொண்டு தரையோடு தரையாக இருந்தது.

"இன்னா சார் இது, காரா செருப்பா?" என்றார் என் கணவர். "உக்காந்தா ரோட்லயே உக்காந்தாப்ல இருக்கும்போல கீதே."

அமெரிக்கருக்கு உடைந்த தமிழ் தெரியும். சிரித்தார். பிறகு காரின் முன்னால் போய்க் கையை வைத்தார். எஞ்சினை மூடும் தகடு, அதாவது பானெட், மூடாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. தேங்காய் நார்க் கயிற்றால் கட்டியிருந்தார்கள். காரோடு வந்த எஞ்சின் செத்துப்போய், நம் ஊர் டாக்சியின் டீசல் எஞ்சினை யாரோ வைத்துவிட்டார்கள். அது நான்கு விரல் உயரம் அதிகம்.

"மேஸ்திரி, இது மூடணும். ஆனா அசிங்கம் வேண்டாம்."

"அசிங்கம் வராது சார். பொறக்கும்போதே இப்டிதான் பொறந்துச்சின்னு சொல்ற மாதிரி செஞ்சித் தரேன்."

"சூடு. ரொம்ப சூடு. கால் வேகுது."

"அதையும் பாத்துக்கலாங்க."

அன்றைக்கெல்லாம் அமெரிக்கர் அந்தத் தகட்டைப் பெயர் சொல்லி அழைக்கவே இல்லை. கையை வைத்து "இது" என்பார். என் கணவரும் "இதா?" என்பார். கை இருக்கும்போது பெயர் எதற்கு?

சொந்தக் கொட்டகைக்கு வந்த முதல் பெரிய வேலை அது. கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் பலர் பழைய வண்டிகள் வைத்திருந்தார்கள். இது நன்றாக அமைந்தால் அத்தனை பேரும் இங்கே வருவார்கள், திண்டிவனத்தில் ஒரு மேஸ்திரி இருக்கிறான் என்று பெயர் வரும், என்பார் என் கணவர். வேலைக்காரனாக இருந்தவர் மேஸ்திரி ஆனது அப்போதுதான். அந்தச் சொல்லை யாராவது சொன்னால் தோள் கொஞ்சம் நிமிரும்.

தகட்டைச் சதுரமாக வெட்டி, மேலே ஒரு பெட்டியைக் கவிழ்த்து ஒட்டினால் ஒரே நாளில் முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. முன்னால் சரிவாக ஏறி, நடுவில் உயர்ந்து, பின்னால் தெரியாமல் இறங்கிவிடுகிற ஒரு மேடு வேண்டும் என்றார். மூன்று நாள் காக்கித் தாளை வெட்டி ஒட்டிப் பார்த்தார். நான் இடுப்பில் குழந்தையோடு நின்று தாளின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன். "தள்ளிப் போய்ப் பாரு. எப்டி இருக்குது?" என்பார். நன்றாக இருக்கிறது என்பேன். உண்மையில் எனக்குத் தூக்கம்தான் தெரிந்தது. குழந்தைக்குப் பல் முளைக்கும் சமயம். பிறந்ததிலிருந்தே அவள் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை.

பிறகு மணல் மூட்டைமேல் புதுத் தகட்டைப் போட்டு மரச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார். நாள் முழுக்க டொக், டொக் என்று அதே சத்தம். அந்தச் சத்தத்தில் குழந்தை எப்படித் தூங்குவாள் என்று கவலைப்பட்டேன். நடந்தது வேறு. தட்டும்வரை தூங்கினாள், தட்டுவதை நிறுத்தினால் அலறிக்கொண்டு எழுந்தாள். அவர் டீ குடிக்கப் போனால் நான் பயந்து போய் அம்மிக்குழவியால் தரையைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

பற்றவைக்கும்போது சூடு பரவினால் தகடு நெளிந்துவிடும். அதனால் சுற்றிலும் ஈரத் துணி போர்த்த வேண்டும். "பழய துணி இருந்தா குடு" என்றார். குழந்தையின் இடுப்புத் துணிகள்தான் இருந்தன. அவற்றை நனைத்துக் கொடுத்தேன். பந்தயக் காரின் முகத்தைச் சுற்றி எங்கள் மகளின் துணிகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. சில துணிகள் கருகிப்போயின. அதைப் பார்த்ததும், குழந்தையின் துணி கருகினால் ஆகாதோ என்று ஒரு நினைப்பு ஓடியது. கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

மேடு அழகாக வந்தது. மற்றதில் எனக்குச் சந்தேகம் உண்டு, இதில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவினால் எங்கே பழைய தகடு முடிகிறது, எங்கே புதியது தொடங்குகிறது என்று தெரியாது.

வெயில் தாங்காமல் அமெரிக்கர் மலைக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, உடம்பெல்லாம் சிவந்தது. அம்மை. தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்கு என் அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, வெளியிலிருந்து வருகிறவர்கள் உள்ளே நுழையக் கூடாது. நான்கு நாள் நான் தலை சாய்க்கவில்லை. உட்கார்ந்தபடியே கண் சொருகும், குழந்தை முனகினால் விழிக்கும்.

ஐந்தாம் நாள் மத்தியானம் என் கணவர் பஸ்ஸில் வந்தார். வாசப்படியிலேயே என் அம்மா மறித்தார்.

"மாப்ள, உள்ள வராதீங்க. புள்ளைக்கு அம்மா வார்த்திருக்குது. ஊரெல்லாம் சுத்திக்கினு வந்திருப்பீங்க."

"வரலைங்க அத்த. இங்கயே நிக்கறேன். புள்ள எப்டி கீது?"

"எறங்கிடும். மூணாந்தண்ணி ஊத்தனாதான் நிம்மதி."

அவர் தெருவில் வெயிலில் நின்றார். நான் படிக்கு உள்ளே நின்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, படிக்கு உள்பக்கம் தரையில் வைத்தார். கையில் கொடுக்கக்கூடத் தயக்கம். "அமெரிக்கக்காரர் லெட்டரு. ஜல்தியா இன்னா சொல்றாருன்னு சொல்லு. மூணு மணி பஸ்ஸ விட்டா பேஜாரு, பெயிண்டர வரச் சொல்லியிருக்கறேன்."

ஒரு பக்கக் கடிதம். கூட்டெழுத்தில் ஆங்கிலம். நலம் விசாரித்திருந்தார். பேசிய மேட்டைத் தவிர இன்னொரு வேலையும் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்த வரியை நான் இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன். ஹூட்டின் பின் ஓரத்தில், முன் கண்ணாடிக்கு அருகே, ஒரு முழ நீளமும் நான்கு விரல் அகலமுமாக ஒரு திறப்பு வெட்டி வலை வையுங்கள், சூடு வெளியே போகட்டும்.

எங்கள் பக்கத்தில் ஹூட் என்றால் ஜீப்பின் மேலே போடுகிற கித்தான் கூரை. ரிக்‌ஷாவுக்கும் ஆட்டோவுக்கும் அதுதான் பேர். அந்தக் காருக்கும் மடக்கிப் பின்னால் தள்ளக்கூடிய கறுப்புக் கித்தான் ஹூட் இருந்தது. ஆகவே ஹூட் என்ற சொல்லில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கண் நின்றது அதற்கு அடுத்த சொல்லில். பின் ஓரம். கூரையின் முன் ஓரம்தானே கண்ணாடியைத் தொடும்? பின் ஓரம் ஆட்களின் முதுகுக்குப் பின்னால் அல்லவா இருக்கும்? பின் ஓரம் எப்படி முன் கண்ணாடிக்கு அருகே வரும்?

இதை நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். இரண்டாம் முறை படிக்கத் தொடங்கியபோது உள்ளே குழந்தை அழுதாள். அவர், "இன்னா எழுதிக்கீறாரு?" என்றார்.

"ஹூட்டுல, முன் கண்ணாடிக்குப் பக்கத்துல, ஒரு முழத்துக்கு நாலு விரல் வெட்டி வலை வைக்கச் சொல்றாருங்க. சூடு வெளிய போவறதுக்கு."

"ஹூட்டுலயா? மழ வந்தா?"

"அப்டிதான் எழுதியிருக்குது."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேங்க."

அவர் சிரித்தார். "வெள்ளக்காரருக்கு உச்சந்தலைல காத்து கேக்குதுபோல. சரி, அவுரு வண்டி, அவுரு தலை." குழந்தையை எட்டிப் பார்க்க முயன்றார், தெரியவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் உள்ளே போய் வேப்பிலைக் கொத்தால் குழந்தையை வருடிக்கொண்டே, பின் என்ற சொல்லைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று நினைத்தேன். பஸ் நிலையம் கால் மணி நேர நடை. யாரையாவது அனுப்பியிருக்கலாம். அம்மை கண்ட வீட்டிலிருந்து யாரை அனுப்புவது? அவருக்கே கார் தெரியும், பொருந்தாவிட்டால் அவரே கண்டுபிடித்துவிடுவார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன்.

பொருந்தாமல் போகவில்லை. பொருந்திவிட்டது. கடைத்தெருவில் ஜீப்புக்கு ஹூட் தைக்கிறவரிடம் கித்தானைக் கழற்றி எடுத்துப்போய், பக்கத்திலேயே நின்று வெட்டவைத்தார். ஓரத்துக்குத் தோல் பட்டை வைத்து, பித்தளை வலை பொருத்தித் தைக்கவைத்தார். குழந்தை தேறி நான் திண்டிவனம் திரும்பியபோது பெருமையோடு காட்டினார். ஒரு தையல்கூடக் கோணவில்லை. பின் ஓரம் என்று இருந்ததே என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெட்டிய பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. அதற்குப் பிறகு அந்த நினைப்பு என்னை விடவே இல்லை.

அமெரிக்கர் வந்தார். முதலில் பானெட்டைப் பார்த்தார். மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகக் கடைசிவரை இழுத்தார். "மேஸ்திரி!" என்றார். அதற்குமேல் தமிழ் வரவில்லை. என் கணவரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பிறகு அமெரிக்கர் பானெட்டின் பின் ஓரத்தைத் தடவி எதையோ தேடினார். அங்கே ஒன்றும் இல்லை. நிமிர்ந்தவர் கூரையைப் பார்த்தார். வலையின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"நீங்க எழுதினதுதாங்க சார். ஹூட்டுல சூடு போவறதுக்கு."

அவர் வலையிலிருந்து விரலை எடுத்தார். பிறகு பானெட்டைப் பட்டென்று தட்டினார். "ஹூட்! இது ஹூட்!"

"அது பானெட்டுங்க சார்."

"அமெரிக்காவுல இது ஹூட்."

நான் வாசலில் குழந்தையோடு நின்றிருந்தேன். எனக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கியது. பானெட்டின் பின் ஓரம்தான் முன் கண்ணாடிக்கு அருகே இருப்பது. ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் என் கணவருக்கு வாசலிலேயே விளங்கியிருக்கும். தகடு அவர் கைக்குத் தெரியும். "பின் ஓரமா? அப்ப ஹூட்டு இல்ல, பானெட்டத்தான் சொல்றாரு" என்று அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

அமெரிக்கர் கடிதத்தைக் கேட்டார். ஆணியில் தொங்கிய பில் கம்பியிலிருந்து என் கணவர் எடுத்துக் கொடுத்தார். அமெரிக்கரின் விரல் வரிவரியாக இறங்கி, பின் ஓரம் என்ற இடத்தில் நின்றது. என்னைப் பார்த்தார். கேட்க வந்தார் என்று நினைக்கிறேன். அதற்குள் என் கணவர் நடுவில் வந்துவிட்டார்.

"அவங்க ஒழுங்காதான் படிச்சாங்க சார். நான்தான் அவசரக்குடுக்கை. பஸ்ஸு போயிடும்னு பாதி காதுல வாங்கிக்கினு ஓடியாந்துட்டேன். தப்பு எம்மேல."

அமெரிக்கர் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

பானெட்டில் என் கணவர் திறப்பு வெட்டி வலை வைத்து முடித்தார். கூரையின் ஓட்டையை அடைத்துத் தைத்தார்கள். அந்தக் கித்தான் இங்கே கிடைக்காது. வேறு துணிதான், வேறு கறுப்புதான். முதல் மழைக்கே ஒழுகியது என்று கேள்விப்பட்டோம். அமெரிக்கர் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கடற்கரைப் பக்கத்திலிருந்து வேறு எந்தக் காரும் வரவில்லை. பானெட்டின் அழகைப் பற்றி யாரும் பேசவில்லை, கூரையின் ஜன்னலைப் பற்றித்தான் பேசினார்கள். சாலையில் மற்றப் பட்டறைக்காரர்கள் அவருக்கு ஹூட்டு மேஸ்திரி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"யோவ் ஹூட்டு மேஸ்திரி, என் லாரிக்கும் மேல ஒரு ஜன்னல் வெய்யி. கிளீனரு எட்டிப் பாத்துக்கினு வரட்டும்" என்பார்கள்.

"வெச்சிடலாம், மொதல்ல உன் மண்டைல வெச்சிப் பாக்கறேன்" என்பார் அவர். சிரித்துவிட்டுத்தான் வேலை செய்வார். ஆனால் மேஸ்திரி என்று யாராவது அழைத்தால் முன்போல் தோள் நிமிர்வதில்லை. அதற்கு முன்னால் ஹூட்டு என்ற சொல்லும் இருந்ததா என்று ஒரு கணம் காதைத் தீட்டுகிறார். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

என்னிடம் அவர் ஒரு நாளும் இதைப் பற்றிக் குறை சொன்னதில்லை. "நீ இன்னா பண்ணுவ? அவுங்க ஊர்ல பேர மாத்தி வெச்சிருக்கறாங்க" என்பார். வருகிற எல்லாக் காகிதத்தையும் இன்னமும் என்னிடமே கொண்டுவருகிறார். நான் ஒவ்வொரு சொல்லையும் விரல் வைத்து, மூன்று முறை படித்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். "இன்னா இவ்ளோ நேரம்?" என்று கேலி செய்வார்.

இதெல்லாம் பழகிப்போன மாதிரிதான் இருந்தது. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் மகள். இந்த வருடம் நர்சரிப் பள்ளியில் சேர்த்தோம். ஆங்கில எழுத்துகளை வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் சிலேட்டில் எழுத, பக்கத்தில் அவர் துண்டுத் தகட்டில் சாக்பீஸால் எழுதுகிறார். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். பெரிய எழுத்து முழுதும் முடித்துவிட்டார். சின்ன எழுத்தில் நான்கைந்து வந்துவிட்டன. லாரிகளின் பின்னால் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படிக்கிறார்.

"அப்பா, அது பி இல்ல, டி" என்கிறாள் மகள்.

"சரிங்க டீச்சர்" என்கிறார்.

போன வாரம் என்னிடம் சொன்னார்: "இன்னும் ஆறு மாசம். அப்பறம் அந்த அமெரிக்கக்காரர் லெட்டர நானே படிச்சிடுவேன். என்னை ஹூட்டு மேஸ்திரி ஆக்குன லெட்டராச்சே, அதுல இன்னாதான் எழுதிக்கீறாருன்னு பாக்கணும்."

கடிதம் இன்னும் அதே பில் கம்பியில்தான் இருக்கிறது. நேற்று அவர் வெளியே போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் கிரீஸ். பின் என்ற சொல் தெளிவாகவே இருக்கிறது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் கம்பியிலேயே குத்தி வைத்துவிட்டேன். கூட்டெழுத்து, அவரால் அவ்வளவு சீக்கிரம் படிக்க முடியாது என்று எண்ணி ஆறுதல்பட்டேன். கணவர் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் போகட்டும் என்று ஆறுதல்படுகிறவளாக ஆகிவிட்டேனே என்று பிறகு உட்கார்ந்து அழுதேன்.

இதைப் படிக்கிறவர்களில் என்னைவிடப் பெரியவர்களும், அதிகம் படித்தவர்களும், அன்றைய என்னைப் போலக் கைக்குழந்தையோடு களைத்துப்போயிருப்பவர்களும் இருப்பீர்கள். நான் இப்போதே சொல்லிவிட வேண்டுமா? சொன்னால், அமெரிக்கர் முன்னால் எனக்காகத் தலைகுனிந்தவர், அன்று நான் பேசாமல் நின்றதை என்னைப் பார்த்துக்கொண்டே நினைப்பார். சொல்லாமல் இருந்தால், ஒரு மத்தியானம் தகட்டுத் துண்டில் அந்தச் சொல்லைத் தானே எழுதிப் பார்த்து நிமிர்வார். அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? இதில் எது அவருக்குக் குறைவாக வலிக்கும் என்பது உங்களில் யாருக்காவது தெரிந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். மகள் நேற்று அவருக்குச் சின்ன ஹெச் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.